தோமியேயின் கண்ணாடி: அந்த வாசகத்தை எழுதியது யார்?

செங்காந்தள் எழுதியது:

இந்த மன்றத்தின் கட்டுரைப் பகுதியில் பழந்தாள் ஐயா நேற்று வெளியிட்ட கட்டுரையின் ஒரு வரி என்னை இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. “ஒனோரே தோமியே ஒருபோதும் பெண்ணைக் கேலி செய்ததில்லை, அவள் பூண்ட நாகரிகத்தை மட்டுமே கேலி செய்தார்” என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரரைப் பற்றிச் சொல்கிறது அந்த வரி. அதற்கு அவர் காட்டும் சான்று, எழுதும் பெண்களுக்கு அன்று வழங்கிய கேலிப்பெயரைத் தலைப்பாகக் கொண்ட ‘நீலக்காலுறைகள்’ தொடரின் முதல் படம் என்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. 1844 ஜனவரி 30 அன்று ‘லெ ஷரிவாரி’ நாளிதழில் வெளியான அந்தக் கல்லச்சுப் படத்தில் ஒல்லியான ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் பேசுவதாகக் கீழே உள்ள வாசகம் இது: “இந்தக் கண்ணாடி என் இடையைத் தட்டையாக்கி, மார்பையும் மெலியவைத்துக் காட்டுவது விந்தைதான்! போகட்டும், அதனால் எனக்கென்ன? மேதைமைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது என்று மதாம் து ஸ்தாலும் திருவாளர் பூஃபோனும் பறைசாற்றிவிட்டார்களே!” (ஸ்தால் பெண் எழுத்தாளர், பூஃபோன் இயற்கையியலாளர்.)

பேனா பிடித்த பெண்ணுக்கு இடையும் இல்லை, மார்பும் இல்லை, ஆகவே அவள் பெண்ணே இல்லை என்பதுதான் இங்கே நகைச்சுவை. அவள் உடுத்தியிருக்கும் துணியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதில் எந்த நாகரிகம் கேலி செய்யப்படுகிறது என்று ஐயா விளக்க வேண்டும்.

பழந்தாள் எழுதியது:

விளக்குகிறேன். அந்த வாசகம் தோமியே எழுதியதல்ல.

இதை அறியாமல் தோமியேயைப் பற்றிப் பேச வருகிறவர்களைக் கண்டு எனக்குச் சலித்துவிட்டது. ‘லெ ஷரிவாரி’யில் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஒரு புதிய படம் வர வேண்டும். தோமியே தடித்த சுண்ணாம்புக்கல்லின் மேல் எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால் வரைந்து கொடுப்பார். படத்தின் கீழ் என்ன பேச்சு வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இதழைத் தொடங்கிய ஷார்ல் பிலிப்போனோ அலுவலகத்தில் இருந்த வேறு எழுத்தாளர்களோ முடிவு செய்தார்கள். பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர்களைப் பற்றி 1857இல் எழுதிய கவிஞர் பொதெலேர், தோமியேயின் படங்களுக்குக் கீழே எழுதப்படும் வாசகங்களால் பெரிய பயன் ஒன்றும் இல்லை என்றும், பொதுவாக அவை இல்லாமலே அந்தப் படங்கள் நிற்கும் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

என்னிடம் இந்தப் படத்தின் மூலப் பிரதி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் சேன் ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்கும் பச்சைப் பெட்டிக் கடை ஒன்றில் வாங்கினேன். நாளிதழ்த் தாள் என்பதால் மறுபக்கத்து எழுத்துகள் அவளுடைய பாவாடையின் மேல் மங்கலாக ஊடுருவித் தெரியும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒருவனுக்கு, அங்கே தெரிவது ஒரு வசை அல்ல, தனியாக நிற்கும் ஒரு மனுஷி என்பது புரியும். கணினித் திரையில் சிறுபடமாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது புரியாது.

இலக்கணன் எழுதியது:

விவாதத்துக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். ‘கேலி’, ‘அங்கதம்’, ‘எள்ளல்’ என்ற மூன்று சொற்களையும் இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறீர்கள். இவற்றுள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

செங்காந்தள் எழுதியது:

திரையில் பார்த்தேனா தாளில் பார்த்தேனா என்பது இங்கே பொருட்டே அல்ல. வாசகம் தோமியேயுடையது அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அஞ்சலட்டையை எடுத்து அந்த வாசகத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். தட்டையான மார்பு அப்படியே இருக்கிறது. அதைப் பிலிப்போன் வரையவில்லை, அலுவலகத்தில் இருந்த எழுத்தாளர் எவரும் வரையவில்லை. மார்பைத் தட்டையாக வரைந்தது யாருடைய கை?

இந்தத் தொடரில் மொத்தம் நாற்பது படங்கள். அவற்றுள் ஒன்றில் தாய் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்னால் குழந்தை குளியல்தொட்டிக்குள் தலைகீழாக விழுந்து கிடக்கிறது. “தாய் படைப்பின் நெருப்பில் இருக்கிறாள், குழந்தை தொட்டியின் நீரில் இருக்கிறது” என்பது வாசகம். அந்த வாசகத்தையும் மூடிவிட்டுப் பாருங்கள். குழந்தையின் கால்கள் தொட்டிக்கு வெளியே தெரியும். அந்தக் கால்களையும் பிலிப்போன்தான் வரைந்தாரா?

மூன்றாம்பக்கம் எழுதியது:

இரு தரப்பும் காலச் சூழலை மறந்துவிட்டுப் பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. தோமியே மன்னரைக் கேலி செய்தவர். லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாகக் காட்டிய ‘கார்கான்துவா’ படத்துக்காக 1832இல் சிறைக்குப் போனவர். 1835 ஜூலையில் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்த பிறகு வந்த செப்டம்பர்ச் சட்டங்கள் படங்களுக்கு முன்தணிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தன. அதன்பின் அரசியலைத் தொட முடியாத நிலையில், மனைவிமார், வீட்டுக்காரர்கள், வழக்கறிஞர்கள், எழுதும் பெண்கள் என்று சமூகத்தின் பக்கம் ஓவியர்கள் திரும்பினார்கள். அது பிழைப்பு. வன்மம் அல்ல.

தையல்காரி எழுதியது:

மூன்றாம்பக்கம் அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. 1848 பிப்ரவரிப் புரட்சியில் லூயி பிலிப் ஓடிப்போனார், தணிக்கையும் போயிற்று. கை கட்டப்படாத அந்த ஆண்டில் தோமியே வரைந்தது என்ன? ‘மணமுறிவுக்காரிகள்’. மறு ஆண்டில்? ‘சோசலிசப் பெண்கள்’. ழான் தெரோவேன் என்ற பெண்மணி 1849இல் தேசியப் பேரவைத் தேர்தலில் துணிந்து வேட்பாளராக நின்ற அதே மாதங்களில்தான் அந்தத் தொடர் வந்தது. பிரான்சில் 1816இல் ஒழிக்கப்பட்ட மணமுறிவு உரிமை 1884 வரை திரும்பவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். இல்லாத உரிமையைக் கேட்டவர்களைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு. மன்னரை வரைய முடியாததால் பெண்களை வரைந்தார் என்றால், மன்னர் போன பிறகும் ஏன் வரைந்தார்?

மூன்றாம்பக்கம் எழுதியது:

அதே 1848இல் ‘லெ ஷரிவாரி’யில் ‘வெசுவியப் பெண்கள்’ என்று படைவீரர் உடையில் பெண்களை வரைந்து கேலி செய்தவர் எதுவார் து போமோன். தோமியே ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்?

பழந்தாள் எழுதியது:

மூன்றாம்பக்கம் அவர்கள் எனக்கு உதவ வந்திருக்கிறார் என்று தெரிகிறது, ஆனால் அவருடைய உதவி இல்லாமலே என் கட்சி நிற்கும். சென்ற ஆண்டு, தோமியேயின் காலத்து ஓவியரான கவார்னி பற்றிய இழையில் ‘சுமைதூக்கிகள்’ தொடரை 1848க்குப் பிந்தியது என்று எழுதியவர் அவர். அது 1840இல் வந்தது என்று நான் திருத்திய பிறகும் இன்றுவரை அந்தப் பதிவை அவர் மாற்றவில்லை.

கவார்னியின் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். வாசகத்துக்காக ஓர் ஓவியரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றால் கவார்னியை ஏற்றுங்கள். ‘லா மோத்’ என்ற இதழுக்கு நாகரிக உடைப்படம் வரைந்து பெயர் பெற்றவர் அவர். சட்டையின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்கு அத்துப்படி. தன் படங்களுக்குக் கீழே வரும் பேச்சையும் தானே எழுதினார். திருவிழா நடனங்களில் துறைமுகக் கூலிகளைப் போல் தளர்ந்த கால்சட்டையும் இடைக்கச்சையும் அணிந்து ஆடிய பெண்களைத்தான் அவர் ‘சுமைதூக்கிகள்’ என்று வரைந்தார். அங்கே சொல்லும் கோடும் ஒரே கையிலிருந்து வந்தவை. தோமியேயிடம் அப்படி அல்ல. அந்தக் கண்ணாடி வாசகம் தோமியே எழுதியதல்ல.

தட்டையான மார்பைப் பற்றிச் சகோதரி செங்காந்தள் கேட்கிறார். தோமியே யாரைத்தான் அழகாக வரைந்தார்? 1839 முதல் வந்த ‘குளிப்பவர்கள்’ தொடரில் சேன் ஆற்றுக் குளியல் துறைகளில் நிற்கும் ஆண்களின் தொந்திகளைப் பாருங்கள். குச்சிக் கால்களைப் பாருங்கள். ‘பண்டைய வரலாறு’ தொடரில் கிரேக்க வீரர்களையே வயிறு சரிந்த கடைக்காரர்களாக ஆக்கியவர் அவர். அத்தனை ஆண்களும் வந்து “எங்கள் உடம்பைக் கேலி செய்துவிட்டார்” என்று அழவில்லையே?

செங்காந்தள் எழுதியது:

என்னைச் சகோதரி என்று அழைக்க வேண்டாம் என்று மணிமுடி இழையிலேயே கேட்டுக்கொண்டேன்.

தொந்தி விஷயத்துக்கு வருகிறேன். குளியல் துறையில் நிற்கும் ஆணின் தொந்தி, அவன் சட்டையைக் கழற்றியதால் வெளியே தெரிகிறது; பார்த்துச் சிரிக்கிறோம், அவ்வளவுதான். “நீ கவிதை எழுதினாய், அதனால்தான் உனக்குத் தொந்தி விழுந்தது” என்று எவரும் அவனிடம் சொல்லவில்லை. கண்ணாடி முன் நிற்பவளுக்கோ உடம்பே தண்டனைச் சீட்டாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுதினாள், அதனால் வற்றினாள். இந்த ‘அதனால்’ என்ற சொல்தான் என் புகார் முழுவதும். மறுபடியும் கேட்கிறேன்: மார்பைத் தட்டையாக வரைந்தது யாருடைய கை?

பழந்தாள் எழுதியது:

‘அதனால்’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது? வாசகத்திலிருந்து. வாசகத்தை யார் எழுதினார்கள்? தோமியே அல்ல. உங்கள் புகாரை நீங்களே தள்ளுபடி செய்துவிட்டீர்கள்.

தையல்காரி எழுதியது:

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதை இன்று நேரில் பார்க்கிறேன்.

உடையைக் கேலி செய்யும் படம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஐயா, பாவாடையை விரித்துக்காட்டக் கட்டிய கிரினோலின் என்ற உள்ளுடையைப் பற்றிய படங்களைப் பார்க்கட்டும். ‘கிரேன்’ என்றால் குதிரைமயிர், ‘லேன்’ என்றால் ஆளிநார் நூல். முதலில் அது விறைப்பான ஒரு துணியின் பெயர்தான். 1856இல் எஃகு வளையங்களைக் கோத்த கூடு வந்த பிறகுதான் பாவாடை கூடாரம்போல் விரிந்தது. அடுத்த ஆண்டே தோமியே, ‘நகர நுழைவுவரியை ஏய்க்கக் கிரினோலினின் பயன்’ என்று ஒரு படம் போட்டார். அந்நாளில் பாரிசுக்குள் வரும் மதுவுக்கும் இறைச்சிக்கும் நகர வாயிலில் வரி உண்டு. பாவாடைக்கு அடியில் ஒரு மளிகைக் கடையையே கொண்டுபோகலாமே என்பது கிண்டல். அங்கே அடி வாங்குவது வளையம். பெண்ணின் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கண்ணாடிப் படத்தில் வளையமும் இல்லை, ஆட்டுத்தொடைபோல் உப்பிய சட்டைக்கையும் இல்லை. கேலி செய்ய உடம்பைத் தவிர வேறொன்றும் வைக்கப்படவில்லை.

ஒரு தையல்காரியாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த எஃகுக் கூடு பெண்களைச் சிறையிட்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்கு முன் அந்த அகலத்தைப் பெற, கஞ்சி போட்ட உள்பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிச் சுமந்தார்கள். கூடு வந்ததும் கால்கள் விடுபட்டன. கேலிச்சித்திரம் வரைந்த ஆண்களில் ஒருவராவது அதைக் கட்டி நடந்து பார்த்ததுண்டா?

மூன்றாம்பக்கம் எழுதியது:

கூடு எளிதில் தீப்பற்றியது, அதனால் பெண்கள் இறந்தார்கள். அதையும் விடுதலை என்பீர்களா? ‘சுமைதூக்கிகள்’ ஆண்டை அன்றிரவே திருத்திவிட்டேன் என்பதையும் பழந்தாள் அவர்கள் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

தையல்காரி எழுதியது:

தீப்பற்றியது மெல்லிய பருத்தித் துணி. எஃகு எரியாது.

இலக்கணன் எழுதியது:

வரையறை கேட்டிருந்தேன்.

இன்னொன்று: ‘நீலக்காலுறை’ என்ற பட்டம் முதலில் ஓர் ஆணைச் சுட்டியது என்று சொல்வார்கள். லண்டனில் எலிசபெத் மான்டேகு நடத்திய இலக்கியக் கூட்டத்துக்குப் பட்டுக் காலுறை இல்லாமல் முரட்டு நீலக் கம்பளிக் காலுறையோடு வந்தவர் பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃபிளீட். ஆகவே தொடரின் தலைப்பே பால் மாறிய ஒரு கேலி. இந்தக் கோணத்தில் பேசினால் என்ன?

பழந்தாள் எழுதியது:

அந்தக் கோணம் சுவையானதுதான், ஆனால் இப்போதைக்குத் தேவையில்லை. தையல்காரி அவர்கள் கிரினோலின் கதையை விரித்தது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. கேள்வி ஒன்றே. வாசகம் யாருடையது?

செங்காந்தள் எழுதியது:

சரி, வாசகத்துக்கே வருகிறேன். 1842இல், அதாவது இந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், அல்சீத் லோரான்ஸ் என்பவர் ஜார்ஜ் சாந்த் என்ற பெண் எழுத்தாளரை ஒரு கல்லச்சுப் படத்தில் கேலி செய்தார். ஆண்களின் கால்சட்டையோடு நிற்கும் சாந்த், சுற்றிலும் புகை. அதன் கீழே ஒரு நாலடிப் பாட்டு: சாந்தின் இந்த உருவப்படம் உங்களைச் சற்றே குழப்பினால், அதற்குக் காரணம் மேதைமை அருவமானது என்பதே, அதற்குப் பால் இல்லை என்பது நாம் அறிந்ததுதானே என்று அந்தப் பாட்டு முடிகிறது. பாரிசில் ஆணுடை அணிய விரும்பும் பெண் காவல்துறை அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்று 1800 நவம்பரில் போட்ட ஆணை அப்போது நடப்பில் இருந்தது. ரோசா போனர் என்ற ஓவியர் மாட்டுச் சந்தைக்குப் போய் வரைவதற்காக அந்தச் சீட்டை வாங்கி வைத்திருந்தார். 1857இல் அவருக்குக் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது. அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு சொன்னது 2013 ஜனவரியில்!

இதன் பொருள் என்ன? ‘மேதைமைக்குப் பால் இல்லை’ என்பது 1844இல் ஊரே அறிந்த கிண்டல். தோமியே கிரேயானை எடுக்கும்போது அந்தக் கிண்டல் அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வாசகத்தை எவர் எழுதியிருந்தாலும் படம் அதற்காகவே வரையப்பட்டது.

பழந்தாள் எழுதியது:

மிக்க நன்றி. என் கட்சிக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தெருவில் புழங்கிய பழைய கிண்டலை அலுவலகத்தில் இருந்த எவரோ எடுத்து, தோமியே வரைந்த படத்தின் அடியில் ஒட்டிவிட்டார் என்பதை நீங்களே நிறுவிவிட்டீர்கள். தோமியேக்குச் சொந்தமாகச் சொல்ல வேறொன்று இருந்திருக்கலாம். மெலிந்த ஒரு பெண், வயது ஏறுகிறது, கண்ணாடி முன் தன்னைத்தானே பார்க்கிறாள். அவளிடம் பரிவு தெரிகிறது. என் தாளில் மறுபக்கத்து எழுத்துகள் அவள் பாவாடையின் மேல் ஊடுருவித் தெரியும்போது அந்தப் பரிவு இன்னும் கூடுகிறது.

தையல்காரி எழுதியது:

ஐயாவின் தாளைப் பற்றி இந்த இழையில் இரண்டாவது முறையாகவும், மன்றத்தில் எத்தனையாவது முறை என்று எண்ணிச் சொல்ல முடியாத முறையாகவும் கேள்விப்படுகிறோம். மறுபக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறையாவது படித்துச் சொல்லியிருக்கிறாரா?

பழந்தாள் எழுதியது:

நாடக அரங்குகளின் செய்திகளும் விளம்பரங்களும். அதுவா இப்போது கேள்வி?

செங்காந்தள் எழுதியது:

பரிவு என்றால், 1839இல் ‘மணவாழ்க்கைப் பழக்கங்கள்’ தொடரில் கிழிந்த கால்சட்டையைத் தூக்கிக்காட்டும் கணவன் கத்துகிறானே, பெண்கள் கால்சட்டை தைக்காமல் போவதற்கு உங்கள் மதாம் சாந்துதான் காரணம், ஒன்று மணமுறிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் அந்த எழுத்தாளரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று, அதிலும் பரிவுதானா?

பழந்தாள் எழுதியது:

அந்தப் படத்தில் நகைப்புக்குரியவன் கணவன். கையில் ஒரு பழைய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நாட்டின் சட்டத்தையே மாற்றச் சொல்கிற அற்பன் அவன். மேலும் அந்த வாசகமும் தோமியே எழுதியதல்ல.

செங்காந்தள் எழுதியது:

அங்கே வாசகத்தை வைத்துக்கொண்டு கணவனை அற்பன் என்கிறீர்கள். இங்கே வாசகத்தைக் கழற்றிவிட்டுப் பரிவு என்கிறீர்கள். உங்களுக்குச் சாதகமான இடத்தில் வாசகம் படத்தோடு சேர்ந்தது, பாதகமான இடத்தில் அது அலுவலகத்துக்காரருடையது.

பழந்தாள் எழுதியது:

இதற்குப் பதில் சொல்வதற்காகவே நேற்றிரவு ஒரு சோதனை செய்து பார்த்தேன். பிரெஞ்சோ ஓவியமோ அறியாத என் மனைவியிடம் அந்தத் தாளைக் கொடுத்து, கீழுள்ள வாசகத்தை ஒரு வெள்ளைத் தாளால் மூடிவிட்டு, “இவளைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்கேயோ கிளம்புகிறாள். இவளுக்கு என்ன குறை, நன்றாகத்தானே இருக்கிறாள்?” என்றாள். வாசகத்தை எடுத்துவிட்டால் கேலியே இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

செங்காந்தள் எழுதியது:

தங்கள் மனைவி சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நானும் முதல் பதிவிலிருந்து சொல்லிவருகிறேன். ஆனால் 1844இல் அந்த இதழைப் பிரித்துச் சிரித்த ஆண்கள் தங்கள் மனைவியின் கண்ணோடு பார்க்கவில்லையே. ஒன்று கேட்கிறேன்: கீழுள்ள வாசகத்தை மூடினீர்கள், மேலே ‘நீலக்காலுறைகள்’ என்று அச்சாகியிருக்கும் தலைப்பை மூடினீர்களா?

இலக்கணன் எழுதியது:

தலைப்பைப் பற்றி நான் முன்பே சொன்னேன்.

பழந்தாள் எழுதியது:

தொடரின் தலைப்பை மட்டும் தோமியே வைத்தார் என்று உங்களுக்கு யார் சொன்னது?